திருவாதிரையும் சித்தம்பூண்டிக் கல்லும்: நெபுலா, நட்சத்திரம், கிரகம் உருவாகும் விதம்

2022 ஜூலை 12 அன்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் வண்ணப் படங்கள் வெளியாயின. அவற்றில் இரண்டு படங்கள் பலரைக் குழப்பின. கரீனா நெபுலா என்ற படத்துக்குக் கீழே ‘நட்சத்திரங்கள் பிறக்கும் இடம்’ என்று எழுதியிருந்தார்கள். தென்வளைய நெபுலா என்ற இன்னொரு படத்துக்குக் கீழே ‘இறந்துகொண்டிருக்கும் நட்சத்திரம்’ என்று இருந்தது. இரண்டும் நெபுலா. அப்படியானால் நெபுலா என்பது தொட்டிலா, சுடுகாடா?

2025 ஜூலையில் இன்னொரு செய்தி வந்தது. 1,300 ஒளியாண்டு தொலைவில் ஹாப்ஸ்-315 என்ற குழந்தை நட்சத்திரத்தைச் சுற்றிக் கிரகங்கள் உருவாகத் தொடங்கும் கட்டத்தையே பார்த்துவிட்டார்கள் என்றது அது. நட்சத்திரமே இன்னும் முழுதாக உருவாகவில்லை, அதற்குள் கிரகம் எப்படி?

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். நெபுலா, நட்சத்திரம், கிரகம் மூன்றும் ஒரே சரக்கின் வெவ்வேறு பருவங்கள். மேகம் சுருங்கி நட்சத்திரமாகிறது, மிச்சம் கிரகமாகிறது, நட்சத்திரம் முடியும்போது பெரும்பகுதி மறுபடி மேகமாகிறது. இதை விளங்கிக்கொள்ள கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு நல்ல சான்றுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று, தை மாத இரவு வானம். மற்றொன்று, சேலம், நாமக்கல், காங்கேயம் பக்கத்துக் கற்கள். அடிப்படையிலிருந்து தொடங்கி அவற்றுக்கு வருவோம்.

முதலில் சில சொற்கள்

ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம் ஒளியாண்டு. சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஆகவே ஹாப்ஸ்-315 பற்றி நமக்கு வந்த ஒளி, அங்கிருந்து 1,300 ஆண்டுகளுக்கு முன்பு கிளம்பியது. ஒரு நட்சத்திரத்தின் ஆயுளில் 1,300 ஆண்டு மிகச் சிறிய காலம் என்பதால், அதை ‘இப்போது’ என்று சொல்வதில் பெரிய பிழை இல்லை.

நட்சத்திரம் என்பது தன் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் உண்டாக்கும் வாயுக்கோளம். அவ்வளவு எடை சேராமல், ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிவரும் பெரிய உருண்டை கிரகம். நட்சத்திரங்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் வாயுவும் தூசியும் நமக்குத் தெரியும்படி திரண்டிருந்தால் அது நெபுலா. குழப்பம் இங்கேதான். தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதால், வரலாறு வேறான பலவற்றையும் அந்தக் காலத்து வானியலாளர்கள் ஒரே பெயரில் குறித்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்:

1. ஒளிரும் நெபுலா. உள்ளே பிறந்த சூடான நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் பட்டு ஹைட்ரஜன் தானே ஒளிர்கிறது. கரீனா, ஓரியன் நெபுலாக்கள் இந்த வகை. இவை தொட்டில்கள்.

2. எதிரொளிக்கும் நெபுலா. தானாக ஒளிராது. பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சத்தைத் தூசி சிதறடிப்பதால் நீலமாகத் தெரியும்.

3. இருண்ட நெபுலா. தூசி அடர்ந்து பின்னால் இருக்கும் வெளிச்சத்தை மறைக்கும். பார்க்க வெறும் ஓட்டை போலிருந்தாலும், நட்சத்திரம் கருக்கொள்வது பெரும்பாலும் இதற்குள்தான்.

4. கிரக நெபுலா. சூரியன் போன்ற நட்சத்திரம் முடியும் தறுவாயில் உதறிய வெளியடுக்கு. பெயரில் கிரகம் இருந்தாலும் கிரகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தென்வளைய நெபுலா இந்த வகை.

5. சூப்பர்நோவா எச்சம். பெரிய நட்சத்திரம் வெடித்துச் சிதறிய குப்பை.

படங்களின் நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. வெப் தொலைநோக்கி பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை. நம் கண்ணுக்கு அது தெரியாது. நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் கொடுக்கிறார்கள். ஆகவே படம் பொய்யில்லை. ஆனால் நேரில் போனால் அப்படித் தெரியும் என்றும் நினைக்க வேண்டாம்.

மேகம் ஏன் சுருங்குகிறது?

படத்தில் புகை மண்டலம்போல் தெரிந்தாலும் நெபுலா கிட்டத்தட்ட வெற்றிடம்தான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் சுமார் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒளிரும் நெபுலாவில் அதே இடத்தில் சில நூறிலிருந்து சில ஆயிரம் அணுக்கள்தான் இருக்கும். பல ஒளியாண்டு அகலம் இருப்பதால்தான் அது நம் கண்ணுக்குப் படுகிறது. எடைக்கணக்கில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு ஹைட்ரஜன், மீதியில் பெரும்பகுதி ஹீலியம், மற்ற எல்லாத் தனிமமும் சேர்ந்து 2 சதவீதம் வரை. இந்த 2 சதவீதத்தை மறக்க வேண்டாம். பூமியும் நாமும் அதிலிருந்துதான் வந்தோம்.

மேகத்துக்குள் இரண்டு விசைகள் மல்லுக்கு நிற்கின்றன. ஈர்ப்பு எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது. வாயுவின் வெப்பம் வெளியே தள்ளுகிறது. வெப்பம் எவ்வளவு குறைகிறதோ, அடர்த்தி எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு ஈர்ப்பின் கை ஓங்கும். எந்த எடையைத் தாண்டினால் மேகம் தாங்காமல் சரியும் என்பதை 1902இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். இருண்ட மேகங்களின் உட்பகுதியில் வெப்பநிலை மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்கும். நட்சத்திரம் பிறக்க அவ்வளவு குளிர் வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சூப்பர்நோவா வெடித்து அதிர்ச்சி அலை வந்து அழுத்தினாலோ, இரண்டு மேகங்கள் மோதினாலோ சரிவு தொடங்கும். ஒரே மேகம் பல துண்டுகளாக உடைவதால் நட்சத்திரங்கள் பெரும்பாலும் கூட்டமாகப் பிறக்கின்றன.

துண்டு சுருங்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, உள்ளே விழும் வாயு சூடாகிறது. அந்தச் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும்வரை சுருக்கம் தொடரும். இரண்டாவது, மேகத்துக்கு முன்பே இருந்த மெல்லிய சுழற்சி, சுருங்கச் சுருங்க வேகம் எடுக்கிறது. சுழல் அச்சை ஒட்டி மேலிருந்தும் கீழிருந்தும் வாயு விழலாம். பக்கவாட்டில் விழ முடியாமல் சுழற்சி தடுக்கிறது. விளைவு, நடுவில் ஒரு குண்டு, அதைச் சுற்றித் தட்டையான ஒரு தட்டு. நடுக்குண்டு நட்சத்திரமாகும், தட்டு கிரகங்களாகும். 1755இல் ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட்டும் 1796இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸும் சொன்ன கருத்தின் சாரம் இதுதான். அது வெறும் ஊகமாக நெடுங்காலம் இருந்தது. 2014இல் சிலி நாட்டிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி, 450 ஒளியாண்டு தொலைவில் எச்எல் டாவ் என்ற இளம் நட்சத்திரத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பிளவுபட்ட தட்டைப் படம் பிடித்தபோது, அதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

எப்போது அது நட்சத்திரம்?

மையத்தில் வெப்பம் ஒரு கோடி டிகிரியைத் தொடும்போது. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்விசையை மீறி இணைகின்றன. நான்கு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகும்போது எடையில் 0.7 சதவீதம் குறைகிறது, அது ஆற்றலாக வெளிவருகிறது. சூரியனில் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறுகிறது. அதில் 40 லட்சம் டன் ஒளியாகவும் வெப்பமாகவும் போகிறது. இந்த ஆற்றலின் அழுத்தமும் ஈர்ப்பும் சரிக்குச் சரியாக நின்றுவிட்டால் சுருக்கம் நின்றுபோகும். சூரியன் எடையுள்ள ஒரு துண்டு அந்த நிலைக்கு வர 3 முதல் 5 கோடி ஆண்டுகள் ஆகும். சூரியனின் எடையில் 8 சதவீதத்தைத் தொடாதவை அந்தச் சூட்டை எட்டுவதில்லை. அவை பழுப்புக் குள்ளன் என்ற பெயரோடு மெல்லக் குளிர்ந்துபோகும்.

இனி நட்சத்திரத்தின் தலையெழுத்தை முடிவு செய்வது எடை ஒன்றுதான். எடை கூடினால் எரிபொருளும் கூடுகிறது, ஆகவே ஆயுளும் கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. எடை இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறத்தாழ பத்து மடங்காகிவிடுகிறது. கையிருப்பு இரண்டு மடங்கு, செலவு பத்து மடங்கு. சூரியனின் மொத்த ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. இருபது மடங்கு எடையுள்ள நட்சத்திரம் ஒரு கோடி ஆண்டிலேயே முடிந்துவிடும்.

தட்டிலிருந்து கிரகம்

செய்திகளில் மிகவும் சுருக்கிவிடும் பகுதி இது. ‘தூசி சேர்ந்து கிரகமானது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த ஒரு வரிக்குள் நான்கைந்து கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒட்டவைக்கும் விசை வேறு.

1. ஆவி கல்லாவது. நட்சத்திரத்துக்கு அருகே தட்டு மிகவும் சூடாக இருக்கும். பாறைப் பொருளே ஆவியாகத்தான் இருக்கும். சூடு தணியும்போது முதலில் படிவது கால்சியமும் அலுமினியமும் மிகுந்த துணுக்குகள், அப்புறம் சிலிக்கேட் கனிமங்கள். விண்கற்களில் கிடைக்கும் அந்த முதல் துணுக்குகளின் வயதை அளந்துதான் சூரியக் குடும்பத்தின் வயது 456.7 கோடி ஆண்டு என்று சொல்கிறோம். ஹாப்ஸ்-315 செய்தியின் முக்கியத்துவம் இங்கேதான். சிலிக்கன் மோனாக்சைடு ஆவியும், அதிலிருந்து படியத் தொடங்கிய சிலிக்கேட் படிகங்களும் அங்கே ஒருசேரத் தென்பட்டன. நம் குடும்பத்தில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள் பட்டை இருக்கும் தொலைவை ஒத்த இடத்தில் அவை இருந்தன. உருவாகி முடிந்த கிரகம் எதையும் அங்கே பார்க்கவில்லை. கடிகாரம் தொடங்கும் முதல் நொடியை இன்னொரு குடும்பத்தில் பார்த்தார்கள், அவ்வளவே. அதுவே பெரிய விஷயம். நட்சத்திரம் வளர்ந்து முடியும்வரை கிரகம் காத்திருப்பதில்லை என்பதும் இதில் தெரிகிறது.

2. தூசி ஒட்டுவது. மைக்ரோமீட்டர் அளவுத் துகள்கள் மெதுவாக மோதும்போது ஒட்டிக்கொள்கின்றன. இதில் ஈர்ப்புக்கு வேலையே இல்லை. திருப்பூர், பல்லடம் பக்கம் நூற்பாலைக்குள் போனவர்கள் பார்த்திருப்பார்கள், காற்றில் பறக்கும் பஞ்சு இழைகள் தாமாகவே ஒன்றோடொன்று சிக்கி, எந்திரத்துக்கு அடியில் லேசான உருண்டைகளாகத் திரளும். தட்டில் முதலில் உருவாகும் தூசி உருண்டைகளும் அப்படித்தான், உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்.

3. தடைபடும் இடம். மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்தபின் மோதல்களில் ஒட்டுவதைவிட உடைவது அதிகமாகிறது. ஒரு மீட்டர் அளவை நெருங்கும் கல், தட்டின் வாயு தடுப்பதால் வேகம் இழந்து சில நூறு ஆண்டுகளிலேயே நட்சத்திரத்துக்குள் விழுந்துவிடும். பிறகு எப்படி நாம் இருக்கிறோம்? இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது. கூழாங்கல் அளவுத் துணுக்குகள் வாயுவின் எதிர்ப்பால் ஓரிடத்தில் அடர்ந்து கூடுகின்றன. கூட்டம் போதிய அடர்த்தி அடைந்ததும் அதன் சொந்த ஈர்ப்பே அதை இறுக்கி, இடைப்பட்ட அளவுகளைத் தாண்டி, ஒரே வீச்சில் பல கிலோமீட்டர் அகலக் குறுங்கோள்களாக்கிவிடுகிறது.

4. ஈர்ப்பு பொறுப்பேற்பது. குறுங்கோள்கள் ஒன்றையொன்று இழுத்து மோதி வளர்கின்றன. பெரியது வேகமாகப் பெருக்கும். நட்சத்திரத்திலிருந்து தள்ளி, தண்ணீர் பனிக்கட்டியாக உறையும் எல்லைக்கு அப்பால், திடப்பொருள் அதிகம். அங்கே ஒரு கரு பூமியைப் போல் பத்து மடங்கு எடையைத் தொட்டுவிட்டால் சுற்றியுள்ள ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் வாரிச் சுருட்டிக்கொள்ளும். வியாழனும் சனியும் அப்படி வந்தவை. இதற்கு அவகாசம் குறைவு. தட்டின் வாயு 30 லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுக்குள் கலைந்துபோகும்.

5. உருகிப் பிரிவது. தொடக்கக் காலத்தில் அலுமினியம்-26 என்ற கதிரியக்க வகை அலுமினியம் இருந்தது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 7 லட்சம் ஆண்டு. அதன் வெப்பமும் மோதல்களின் வெப்பமும் சேர்ந்து பல கோள்களை உருக்கின. உருகியதும் இரும்பு அடியில் இறங்கிக் கருவானது, கல் மேலே நின்றது.

உருகாமல் தப்பிய சிறுகோள்களின் துண்டுகள் இன்னமும் நம்மேல் விழுகின்றன. கொங்கின் வடக்கு விளிம்பை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரியில் 2008 செப்டம்பரில் விழுந்த விண்கல் அந்த இனம், காண்ட்ரைட் என்பார்கள். நம் காலடிக் கருங்கல் பலமுறை உருகி, இறுகி, உருமாறியது. பழைய தடயம் அதில் அழிந்துபோயிற்று. காண்ட்ரைட்டில் அழியவில்லை. அதனால்தான் ஒரு விண்கல் விழுந்த செய்தி கிடைத்ததும் ஆய்வாளர்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

நாமக்கல் கல் நிலாவைப் பற்றிச் சொல்வது

உருகிப் பிரிவதற்கு நிலாதான் நல்ல சான்று. பூமி உருவாகிவந்த காலத்தில் ஏறத்தாழ செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் அதன்மேல் மோதியது. தெறித்த பொருள் சேர்ந்து நிலாவானது. இதுவே இன்று அதிகம் ஏற்கப்படும் விளக்கம். புதிதாகச் சேர்ந்த நிலாவின் மேற்பரப்பு முழுவதும் பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குப் பாறைக்குழம்புக் கடலாக இருந்தது. அது ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கனமான கனிமங்கள் மூழ்கின. கால்சியமும் அலுமினியமும் உள்ள லேசான பிளாஜியோகிளேஸ் என்ற கனிமம் மிதந்து மேலோடாகியது. அந்த வெளிர்நிறப் பாறைக்கு அனார்தோசைட் என்று பெயர். நிலாவில் நாம் பார்க்கும் வெள்ளைப் பகுதி அதுதான்.

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கும் பாறையும் அனார்தோசைட். சந்திரயான் திட்டத்துக்காக நிலாமண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ இங்கிருந்துதான் பாறை எடுத்து அரைத்துப் பரப்பி, தரையிறங்கியையும் உலவியையும் சோதித்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது.

ஒரு திருத்தம் இங்கே வேண்டும். சித்தம்பூண்டிக் கல் நிலாவிலிருந்து வந்ததில்லை. பூமியின் மேலோட்டுக்குள் ஒரு பாறைக்குழம்புத் தேக்கம் மெல்ல ஆறியபோது சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் உருவானது அது. நிலாவின் அனார்தோசைட்டோ சுமார் 440 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. கனிமம் ஒன்று, செய்முறையும் ஒத்தது, இடமும் காலமும் வேறு. 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் உலவி, நிலாவின் தென்துருவப் பக்கத்து மண்ணை அளந்தது. அங்கும் அனார்தோசைட் சேர்மானமே இருக்கிறது என்று 2024 ஆகஸ்டில் வெளியான ஆய்வு கூறியது. குழம்புக் கடல் நிலா முழுவதும் இருந்தது என்பதற்கு அது கூடுதல் ஆதாரம்.

நட்சத்திரம் எப்படி முடிகிறது?

மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் சமநிலை குலைகிறது. மையம் சுருங்கிச் சூடாகிறது, வெளியடுக்கு ஊதிப் பெருக்கிறது. அப்போது அதன் பெயர் சிவப்புப் பெருநட்சத்திரம். மையம் 10 கோடி டிகிரியைத் தொட்டால் மூன்று ஹீலியம் சேர்ந்து கார்பன் ஆகும். சூரியன் எடைக்கு அதோடு ஆட்டம் முடிந்தது. வெளியடுக்கு கிரக நெபுலாவாகக் கலைகிறது, நடுவில் பூமி அளவுக்குச் சுருங்கிய வெண்குள்ளன் மிஞ்சுகிறது. சூரியனுக்கு இது நேர இன்னும் 500 கோடி ஆண்டுக்கு மேல் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே, 100 கோடி ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற கணக்கில் சூரியன் பிரகாசமாகிக்கொண்டே போவதால், பூமியின் கடல்கள் வற்றிவிடும்.

வெண்குள்ளன் எவ்வளவு எடை தாங்கும்? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போன சுப்பிரமணியன் சந்திரசேகர், போகும் வழியிலேயே போட்ட கணக்கு இதற்கு விடை தந்தது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் நிற்காது. நோபல் பரிசு அவருக்கு 1983இல் வந்தது. பக்கத்து நட்சத்திரத்திடமிருந்து பொருளை வாங்கியோ, இன்னொரு வெண்குள்ளனோடு சேர்ந்தோ அந்த எல்லையை நெருங்கும் வெண்குள்ளன் முழுவதுமாக வெடித்துப்போகும். அப்போது ஏராளமான இரும்பு வெளியே வருகிறது.

சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள நட்சத்திரங்களின் வழி தனி. கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கன் என்று ஒன்று தீர்ந்து ஒன்று எரியும். ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிடக் குறுகியது, சிலிக்கன் கட்டம் சில நாளில் முடிந்துவிடும். கடைசியில் இரும்பு. இரும்புக் கருவை இணைத்தால் ஆற்றல் வராது, செலவாகும். ஈர்ப்பைத் தாங்க இனி எதுவும் இல்லை. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மையம் சரிந்து, பெரும்பாலும் நியூட்ரான்களாலேயே ஆன, சுமார் 20 கிலோமீட்டர் அகல நியூட்ரான் நட்சத்திரமாகவோ, ஒளிகூட வெளியேற முடியாத கருந்துளையாகவோ ஆகிறது. மற்றதெல்லாம் சூப்பர்நோவாவாகச் சிதறுகிறது. 1987 பிப்ரவரியில் பக்கத்துப் பால்மண்டலம் ஒன்றில் இது நடந்தபோது, சரிவில் பிறந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் பூமியின் கருவிகளில் பதிவாயின. கோட்பாடு சரி என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

தை மாத வானில் எல்லாப் பருவமும்

ஒரு நட்சத்திரம் பிறந்து சாவதை எந்தத் தலைமுறையும் முழுதாகப் பார்க்க முடியாது. ஆனால் வெவ்வேறு வயதில் நிற்கும் நட்சத்திரங்களைப் பார்த்து வரிசைப்படுத்தலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில், கோவை–திருப்பூர் வெளிச்சத்திலிருந்து விலகி, மூலனூர், தாராபுரம் பக்கத்து வெட்டவெளியில் இரவு எட்டு மணி வாக்கில் நிமிர்ந்து பார்த்தால் போதும்.

உச்சிக்கு அருகே கார்த்திகை. சுமார் 440 ஒளியாண்டு தொலைவு, வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. நட்சத்திரக் கணக்கில் இளசு. படங்களில் அதைச் சுற்றித் தெரியும் நீலம் எதிரொளிக்கும் நெபுலா. அது பிறந்த மேகத்தின் மிச்சம் என்று பல காலம் நம்பினார்கள். வழியில் குறுக்கிட்ட வேறொரு மேகம் என்பது பிறகு தெரிந்தது.

அதற்குக் கிழக்கே செம்மஞ்சளாக ரோகிணி, 65 ஒளியாண்டு. ஹைட்ரஜன் தீர்ந்து சூரியனைப் போல் 40 மடங்குக்கு மேல் ஊதிய நட்சத்திரம். இன்னும் கிழக்கே, வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே மங்கலாக ஒரு புகைப்பொட்டு தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா, சுமார் 1,340 ஒளியாண்டு. சாதாரண பைனாகுலர் இருந்தாலே அதன் படலம் தெரியும். உள்ளே உள்ள நட்சத்திரங்களில் பெரும்பாலானவற்றின் வயது 10 முதல் 30 லட்சம் ஆண்டுதான். பூமியில் மனித இனத்தின் மூதாதைகள் கல்லாயுதம் செதுக்கத் தொடங்கிய பிறகு பிறந்தவை அவற்றில் பல. ஹாப்ஸ்-315 இருப்பதும் இந்த ஓரியன் பகுதி மேகங்களில்தான்.

மூன்று நட்சத்திரங்களுக்கு வடக்கே சிவந்து நிற்பது திருவாதிரை. மார்கழியில் பேரூர் பட்டீசுவரர் கோயிலில் ஆருத்ரா தரிசனம் நடக்கும் நாளின் நட்சத்திரம் இதுவே. சூரியனைப் போல் 15 மடங்குக்கு மேல் எடை. வயது சுமார் ஒரு கோடி ஆண்டு, அதற்குள் முதுமை. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் இது கண்ணுக்குத் தெரியும்படி மங்கியபோது ‘வெடிக்கப்போகிறது’ என்ற செய்திகள் பறந்தன. அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததுதான் காரணம் என்று பின்னர் கண்டார்கள். திருவாதிரை கட்டாயம் வெடிக்கும். ஆனால் அது அடுத்த ஒரு லட்சம் ஆண்டுக்குள் என்ற கணக்கு. வெடித்தாலும், 500 ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருப்பதால் நமக்குத் தீங்கு வராது.

தென்கிழக்கில் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று இருப்பது சிரியஸ், 8.6 ஒளியாண்டு. அதைச் சுற்றிவரும் வெண்குள்ளன் ஒன்றை 1862இல் கண்டுபிடித்தார்கள், வெறும் கண்ணுக்குத் தெரியாது. ரோகிணிக்குக் கிழக்கே, 1054இல் சீனர்கள் பதிவு செய்த சூப்பர்நோவாவின் எச்சமான நண்டு நெபுலா இருக்கிறது. அதைப் பார்க்கச் சிறிய தொலைநோக்கி வேண்டும். அதன் நடுவில் நொடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் நட்சத்திரம். பிறப்பு, இளமை, முதுமை, வெடிப்பு, எச்சம் எல்லாம் வானத்தின் ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன.

கொங்கு மண்ணில் எது எங்கிருந்து வந்தது?

மேகம் மீண்டும் மேகமாகும்போது, முன்பு இல்லாத தனிமங்களோடு திரும்புகிறது. அந்த 2 சதவீதம் அப்படிச் சேர்ந்ததே. சூரியன் பிறப்பதற்கு முன் பல தலைமுறை நட்சத்திரங்கள் முடிந்திருந்ததால்தான் இங்கே பாறைக் கிரகம் சாத்தியமானது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடி போர் போடும்போது மேலே வரும் கருங்கல் தூளில், எடைக்கு ஏறத்தாழ பாதி ஆக்சிஜன், கால் பங்குக்கு மேல் சிலிக்கன். இரண்டுக்கும் முக்கிய ஊற்று, சூப்பர்நோவாவாக வெடித்த பெரிய நட்சத்திரங்கள். சேலத்து வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட்டில் உள்ள மக்னீசியமும் அங்கேயே உருவானது. அதே கல்லில் உள்ள கார்பனின் கணிசமான பங்கு சிவப்புப் பெருநட்சத்திரங்கள் மெல்ல உதிர்த்தது. கஞ்சமலை இரும்பில் பெரும்பங்கு, வெடித்துப்போன வெண்குள்ளன்களின் கொடை. சென்னிமலை அருகே நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பை உருக்கினார்கள். அந்த இரும்பும் இந்தக் கணக்கில்தான் வரும். கோவை நகைப்பட்டறைகளின் தங்கத்துக்கு இன்னும் அரிதான நிகழ்ச்சி வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் இணைந்ததை ஈர்ப்பலையாகவும் ஒளியாகவும் பதிவு செய்தபோது, கனமான தனிமங்கள் அங்கே பெருமளவில் உருவாவது தெரிந்தது. பவானித் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் மட்டும் எந்த நட்சத்திரத்திலும் உருவாகவில்லை. அது 1,380 கோடி ஆண்டுக்கு முன் பிரபஞ்சம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இருந்தது.

இந்த வரிசையில் சேராத ஒன்று காங்கேயம் அருகே படியூரில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் நீலப்பச்சைக் கல் பெரில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதைத் தோண்டி எடுத்தார்கள், அதற்கு வெகுகாலம் முன்பே கொடுமணல் பட்டறைகளில் பெரில் மணி கோத்தார்கள். அதில் உள்ள பெரிலியத்தை நட்சத்திரங்கள் உருவாக்குவதில்லை. அவற்றின் உள்வெப்பத்தில் அது அழிந்துதான் போகும். பிரபஞ்சத் தொடக்கத்திலும் அது கணக்கில் எடுக்கும் அளவுக்கு உண்டாகவில்லை. சூப்பர்நோவா அதிர்ச்சி அலைகளால் முடுக்கப்பட்டு, ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் காஸ்மிக் கதிர்கள் என்ற துகள்கள், நட்சத்திரங்களுக்கு இடையே மிதக்கும் கார்பன், ஆக்சிஜன் கருக்களில் மோதி உடைக்கும்போது சிதறும் துண்டு அது. பெரிலியம் இவ்வளவு அரிதாக இருப்பதற்குக் காரணம் இந்தப் பிறப்பு முறைதான்.

படியூருக்கு மேற்கே, ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கருவித்தொகுதி அதே காஸ்மிக் கதிர்களை அளந்துகொண்டிருக்கிறது. கதிர் வளிமண்டலத்தின் மேல்பகுதியில் மோதி உண்டாக்கும் துகள் மழை அங்கே பதிவாகிறது. இப்படிப்பட்ட மோதல்களில் நைட்ரஜன், ஆக்சிஜன் கருக்கள் உடைந்து பெரிலியம்-10 என்ற கதிரியக்க வகை இன்றும் உருவாகி மழையோடு மண்ணில் இறங்குகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டு. படியூர்க் கல்லில் இருப்பது சிதையாத பெரிலியம்-9, சூரியனுக்கு முந்தியது.